ஊர்ப்புற உயிரினங்களும் ஏட்டுப் பதிவும்

காட்டுயிர் என்னும் சொல்லைக் கேட்டவுடன், மக்கள் குடியிருப்புக்கு மிகத் தொலைவிலுள்ள அடர்வனமே நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. ஆயினும் நகரத்துப் பூங்காவும், கடைத்தெருவை ஒட்டி ஓடும் ஓடையும், லயங்களைச் சூழ்ந்த தேயிலை மலைகளும் உயிரினங்களின் உறைவிடங்களே. அங்கு வாழ்வன யாவை, அவை பெருகுகின்றனவா, அருகுகின்றனவா என்பவற்றை அறியாது அவற்றைக் காத்தல் இயலாது. அவ்வறிவுக்கு அடிப்படை பதிவேயாகும். இதனை நமது மலைநாட்டுச் சான்றுகள் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நுவரெலியா நகரின் நடுவே அமைந்துள்ள விக்டோரியாப் பூங்கா, 1897ஆம் ஆண்டு விக்டோரியா அரசியாரின் அறுபதாம் ஆட்சியாண்டு விழாவின் நினைவாகப் பெயர் பெற்றது. ஊர்திகளின் இரைச்சல் கேட்கும் அவ்விடத்திற்கு, ஆண்டுதோறும் காஷ்மீரத்து மலைக்காடுகளில் குஞ்சு பொரித்த ஈப்பிடிப்பான் குருவி, குளிர்காலத்தைக் கழிப்பதற்கு வந்து சேர்கின்றது. உலக அளவில் அழியும் இடர்ப்பாட்டுக்குள்ளான பறவைகளுள் அதுவும் ஒன்று. ஆறுமணிக் குருவியும் இமயச் சாரலினின்று வரும் பூங்குருவியும் அப்பூங்காவின் மர நிழலில் இரை தேடுகின்றன. காஷ்மீரத்தில் காடு காக்கப்படினும், நுவரெலியாவில் மரமும் புதரும் அழியுமாயின் அப்பறவைக்கு வாழ்வில்லை. ஒரு நகரத்துப் பூங்கா உலகப் பொறுப்பொன்றைச் சுமக்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுண்மைகள் நமக்கு எவ்வாறு தெரிய வந்தன? கண்டவற்றை எழுதிவைத்தோர் இருந்தமையாலன்றோ! மருத்துவராகிய கெலாட் இலங்கையின் விலங்கினங்களைப் பற்றி 1852இல் நூலியற்றினார். தேயிலைத் தோட்டத்துரையாகிய பிலிப்ஸ் 1935இல் பாலூட்டிகளைப் பற்றியும், கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஹென்றி 1955இல் பறவைகளைப் பற்றியும் நூல்களை வெளியிட்டனர். இலங்கைப் பறவைக் கழகம் 1943இல் தோன்றியது. இவர்தம் தொண்டு போற்றத்தக்கது. ஆனால் விடியற்காலை முதல் மலையேறி இறங்கும் கொழுந்து பறிப்போர், துரைமார் காணாதவற்றையும் கண்டிருப்பர். அவர்தம் அறிவு பெரும்பாலும் வாய்மொழியாகவே நின்று மறைந்தது. இஃது அறிவுலகுக்கு நேர்ந்த பேரிழப்பாகும்.

இவ்விழப்பின் விளைவைச் சிறுத்தையின் நிலையிற் காணலாம். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியிலுள்ள லக்சபான தோட்டத்தில், கருஞ்சிறுத்தையொன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டு, மருத்துவம் செய்தும் பயனின்றிச் சில நாள்களில் இறந்தது. பன்றிக்கும் மரைக்கும் வைக்கப்படும் சுருக்கு, அவற்றை மட்டும் தெரிந்து பிடிப்பதில்லை. அச்சிறுத்தையின் நிறம் அரிதாகையால் நாடே அதனை அறிந்தது. ஏட்டில் ஏறாத ஏனைய இறப்புக்களுக்காக இரங்குவோர் யார்? மாறாக, தானியங்கி ஒளிப்படக் கருவிகள் கொண்டு ஆய்வாளர் திரட்டிய பதிவுகளால், மலைநாட்டுத் தோட்டங்களினூடே சிறுத்தைகள் நடமாடுவதும், எஞ்சிய சிறு காடுகளும் ஓடைக்கரைகளும் அவற்றுக்கு வழித்தடங்களாவதும் புலனாயின. எவ்விடத்தைக் காக்க வேண்டும் என்பதை இத்தகைய பதிவே காட்டுகின்றது.

பதிவு செய்தல் கற்றோர்க்கு மட்டும் உரிய கலையன்று. நாள், நேரம், இடம், உயிரினத்தின் பெயர், எண்ணிக்கை, அது செய்த செயல் ஆகியவற்றைக் குறித்தல் போதும். பெயர் தெரியாவிடின் நிறமும் உருவும் எழுதலாம். ஒரே பாதையில், ஒரே நேர அளவில், கிழமைதோறும் பார்த்தல் வேண்டும். அவ்வாறாயின்தான் ஓராண்டை மற்றோராண்டுடன் ஒப்பிடலாம். எதுவும் காணப்படாத நாளையும் குறித்தல் இன்றியமையாதது. இன்மையும் ஒரு செய்தியே. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகின்றது. மாணவரும் ஆசிரியரும் தத்தம் ஊரிற் கண்டவற்றை எண்ணி, ஈபேர்ட் என்னும் பொதுத் தளத்திற் சேர்க்கின்றனர். பொங்கலைக் கொண்டாடும் நம் தோட்டங்களுக்கும் இது பொருந்தாதோ?

அறிவின் பயன் செயலாகும். ஓடைக்கரையிற் புதரை விட்டுவைத்தலும், பாடசாலை வளவில் நாவலின மரங்களை நடுதலும் பறவைக்கு உணவும் மறைவும் தரும். லயத்தருகே உணவுக் கழிவைக் குவித்தால் நாய்கள் பெருகும். நாய்களை நாடிச் சிறுத்தை வரும். ஆகவே கழிவை அகற்றுதல் மனிதரையும் காக்கும், விலங்கையும் காக்கும். சுருக்கைக் கண்டவிடத்து உரிய அதிகாரிகளுக்கு அறிவித்தல் கடமையாகும்.

டயகமவுக்கு அப்பால் ஹோட்டன் சமவெளி உயர்ந்து நிற்கின்றது. 1988இல் தேசியப் பூங்காவான அதற்குக் காவலுண்டு. அதன் அடியிலுள்ள நம் ஊருக்கு நாமே காவல். தோட்டத்தில் ஒவ்வொருவர் பறித்த கொழுந்தும் நிறுக்கப்பட்டு, ஒவ்வொருவர் பெயரும் நாள்தோறும் பதியப்படுகின்றது. எண்ணுதலும் எழுதுதலும் நமக்குப் புதியன அல்ல. நம்மோடு அம்மலையிற் வாழும் உயிர்களுக்கும் ஓரேடு திறப்போமாக.