கரையில் கோலாகலம், கணக்கில் வீழ்ச்சி

ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில், ரோமாபுரி ஜனங்கள் திருவிழாக் களிப்பில் எழுப்பும் ஆரவாரம் திரைக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருக்கும் அதே வேளையில், மேடையிலே காஸியஸ் புரூட்டஸின் செவியில் சீசரின் நாசத்துக்கு வித்திடுகிறான். ஜயகோஷத்தின் அடியிலே வீழ்ச்சி வேரோடும் அந்த விபரீதம், முத்துக்குளித்துறையாம் தூத்துக்குடிக்கும் புதியதன்று.

பத்து லட்ச ரூபாய் மூலதனமும், பங்கொன்றுக்கு 25 ரூபாயும் என வகுத்து, 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு, மறு ஆண்டில் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தபோது, ஊரே மகோற்சவம் கொண்டாடியது. ஆயினும் கரையில் கோஷம் ஓயுமுன்னரே கணக்கேடு வேறொரு கதையை எழுதலாயிற்று: போட்டியிட்ட வெள்ளையர் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது, 1908-இல் சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டார், 1911-இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது.

சீசரைச் சாய்த்தவை நண்பர் கைகள். சிதம்பரனாரையோ ராஜாங்கத்தின் பலத்தோடு கூட்டாளிகளின் அச்சமும் சேர்ந்து சாய்த்தது. 1912 டிசம்பரில் அவர் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தபோது, அன்று கரையில் திரண்ட ஜனசமுத்திரம் வாயிலில் இல்லை.

கப்பலை வரவேற்பது எளிது; அதன் பங்கைக் கைவிடாதிருப்பதே தேசபக்திக்கு உரைகல்.