வௌவாலின் மூளையில் ஒரு புதிய வைரஸ்

மாத்தளையில் இரவோடிரவாகக் கொய்யாவைக் கடித்துப் போட்டுப் போகும் பெரிய பழந்தின்னி வௌவாலும், கண்டிக்கு அப்பால் பேராதனைப் பூங்கா மரங்களில் ஆயிரக்கணக்கில் தொங்குவதும் ஒரே இனம். அந்த இனத்தின் மூளையில்தான் ‘கன்னொறுவை வௌவால் லிசாவைரஸ்’ சிக்கியது. இலங்கை, பிரித்தானிய ஆய்வாளர்கள் 2016இல் இதை அறிவித்தார்கள். கன்னொறுவை பூங்காவுக்குப் பக்கத்து ஊர்.

எப்படிப் பிடிபட்டது? லிசாவைரஸ் நரம்பு வழியே ஏறி மூளையில் பெருகும். அதனால் சோதனைக்கு உகந்தது மூளைத் திசு. விசர்நாய்க்கடி வைரஸும் இதே குடும்பம் என்பதால் மேலோட்டமான சோதனையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்த பிறகே இது தனி வைரஸ் என்று உறுதியானது. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

வௌவால் தலைக்கு மேல் பறப்பதால் மட்டும் ஆபத்தில்லை. கடியும் கீறலும்தான் முக்கிய வழி. விழுந்து கிடக்கும் வௌவாலைப் பிள்ளைகள் வெறுங்கையால் தூக்குவதுதான் என் கவலை. கடித்தால் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே போடும் விசர்நாய்த் தடுப்பூசி, இந்த வைரஸ் சேர்ந்த பிரிவுக்கும் எதிராக வேலை செய்யும்.