டாங்கிகளுக்குப் பின்னால் நடந்த குதிரைகள்

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானியத் தரைப்படை என்றதும் டாங்கிகளின் மின்னல் பாய்ச்சல்தான் நினைவுக்கு வரும். அந்தப் பிம்பத்தை வளர்த்ததில் நாஜிகளின் பிரசாரச் செய்திப்படங்களுக்குப் பெரும் பங்குண்டு. வரலாற்றாசிரியர் ஆர். எல். டினார்டோ 1991இல் வெளியிட்ட நூல், அதே படையின் குதிரைகளை ஆராய்கிறது. 1941 ஜூன் 22இல் சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்தபோது அந்தப் படையிடம் இருந்த டாங்கிகள் சுமார் 3,500. குதிரைகளோ சுமார் 6 லட்சம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை வீரர்களைச் சுமந்தவை அல்ல; பீரங்கியையும் குண்டுகளையும் ரொட்டியையும் இழுத்தவை. ஒரு காலாட்படை டிவிஷனுக்கு ஏறக்குறைய 5,000 குதிரைகள் தேவைப்பட்டன. பெட்ரோலும் ரப்பரும் லாரித் தொழிற்சாலைகளும் போதாத நாட்டுக்கு வேறு வழியில்லை. ஆகவே குதிரையைப் பழைய காலத்தின் மிச்சமாகப் பார்ப்பது பிழை. படை எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதை வரையறுத்ததே அதுதான். டாங்கிகள் முன்னே பாய்ந்தாலும், பின்னால் நடந்துவரும் காலாட்படைக்காகப் பலமுறை காத்திருக்க நேர்ந்தது.

குதிரைக்குப் பெட்ரோல் வேண்டாம், லாரி புதையும் சேற்றிலும் அது நடக்குமே என்று கேட்கலாம். ரஷ்யச் சேற்றில் உள்ளூர் மட்டக் குதிரைகள் கைகொடுத்தது உண்மை. ஆனால் மேற்கு ஐரோப்பாவின் கனத்த இழுவைக் குதிரைகள் ரஷ்யக் குளிரில் கும்பலாக மடிந்தன. தீனிச் செலவும் சிறிதல்ல. குதிரைக்கு நாளொன்றுக்கு 10 கிலோ என்று வைத்தாலும் ஒரு டிவிஷனுக்கு 50 டன் ஆகும். மேய்ச்சல் தீர்ந்தால் அதையும் ரயிலில்தான் கொண்டுவர வேண்டும். 1942 இலையுதிர்காலத்தில் ஸ்டாலின்கிராடில் இருந்த ஜெர்மனியின் 6ஆம் படை, தீனித் தட்டுப்பாட்டால் தன் குதிரைகளில் பெரும்பாலானவற்றைப் பின்னால் அனுப்பிவிட்டது. நவம்பரில் சோவியத் படைகள் சூழ்ந்துகொண்டபோது, கனரகப் பீரங்கிகளை இழுத்துச் செல்ல வழியில்லாமல் போனது.

சோவியத் செஞ்சேனையும் லட்சக்கணக்கில் குதிரைகளை வைத்திருந்ததே என்பது இன்னொரு வாதம். வைத்திருந்தது, ஆனால் போர் நீள நீள, அமெரிக்கா அனுப்பிய லட்சக்கணக்கான லாரிகளும் ஜீப்புகளும் அதற்கு வந்து சேர்ந்தன. ஜெர்மனிக்கு அப்படிக் கைகொடுக்க யாருமில்லை. 1944இல் நார்மண்டியிலும் அதன் பீரங்கிகள் பலவற்றைக் குதிரைகளே இழுத்தன. குதிரைகளை வைத்திருந்தது ஜெர்மனியின் தவறன்று. அவற்றின் நடைவேகத்தை மறந்து, மாஸ்கோவைச் சில மாதங்களில் எட்டிவிடலாம் என்று திட்டமிட்டதே தவறு.