ஞானப்பல்: எப்போது பிடுங்குவது, எப்போது விட்டுவிடுவது?

என் ராத்தாவுக்குப் பத்தொன்பது வயதில் முதன்முதலாகக் கடைவாய் வீங்கியது. உம்மா உப்புத் தண்ணீர் கொப்புளிக்கச் சொன்னார். உம்மும்மா கராம்பு வைத்துக் கடிக்கச் சொன்னார். வாப்பா டவுனில் ஒரு பார்மசியில் நோவைச் சொல்லி மாத்திரை வாங்கி வந்தார். மூன்று நாளில் வீக்கம் வற்றியது. எல்லோரும் மறந்துவிட்டோம். ஐந்து மாதம் கழித்து மறுபடியும் அதே இடம், அதே மாத்திரை. இப்படியே மூன்று வருடங்கள் போயின. கடைசியில் பல் வைத்தியரிடம் போனபோது அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சரிந்து வளர்ந்த ஞானப்பல், தனக்கு முன்னால் இருந்த நல்ல கடைவாய்ப்பல்லின் முதுகில் சாய்ந்து, அந்த இடுக்கில் பெரிய சூத்தையை உண்டாக்கியிருந்தது. ஒரு பல்லைக் காட்டப் போன ராத்தா இரண்டு பல்லை இழந்து வந்தார்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு அன்றுதான் இந்தப் பல்லைப் பற்றித் தேடிப் படிக்க வேண்டும் என்று தோன்றியது. இதை வாசிக்கும் மாணவியரில் பலருக்கு அந்தப் பல் இப்போது முளைக்கும் வயது. பெற்றோருக்கும் இது தேவைப்படலாம்.

ஒவ்வொரு தாடைப் பக்கத்தின் கோடியிலும் ஒன்றாக மொத்தம் நான்கு ஞானப்பற்கள். அவை பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் வெளிவரும். சிலருக்கு ஒன்றிரண்டு உருவாவதே இல்லை, அது குறையுமல்ல. அறிவு முதிரும் வயதில் வருவதால் தமிழில் ஞானப்பல், சிங்களத்தில் ஞான தத், அரபியில் ழிர்ஸுல் அக்ல், அதாவது புத்தியின் பல். மூன்று மொழியும் ஒன்றையே சொல்வது எனக்கு வியப்பாக இருந்தது. பாடசாலைப் பல் கிளினிக் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கானது. இந்தப் பல் வரும்போது நாம் அந்த வயதைத் தாண்டி விடுகிறோம். அதனால்தான் பலருடைய ஞானப்பல்லை நோவு வரும்வரை எவரும் பார்ப்பதில்லை.

சரி, மற்றப் பற்களுக்கு இடமிருக்க, இதற்கு மட்டும் ஏன் இடம் போதவில்லை? இதற்கான விடையின் ஒரு பாதி எங்கள் மாகாணத்து மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. குருவிட்டைக்கு அருகே பட்டதொம்பலென குகையிலும், கித்துல்கலை பெலிலென குகையிலும் தோண்டி எடுக்கப்பட்ட பழைய மனிதரின் எலும்புகளை "பலாங்கொடை மனிதன்" என்ற பெயரால் அறிவோம். பட்டதொம்பலென எச்சங்கள் 30,000 வருடங்களுக்கும் முற்பட்டவை. அவர்களுக்குப் பெரிய பற்களும் பலமான தாடையும் இருந்ததாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். காட்டு விதைகளையும், வேட்டை இறைச்சியையும், நத்தைகளையும் தின்று வாழ்ந்தவர்களுக்கு மெல்லும் வேலை அதிகம். சிறு வயதிலிருந்தே கடினமாக மென்றால் தாடை நன்றாக வளரும். பற்களும் தேய்ந்து ஒன்றையொன்று நெருங்க, பின்னால் இடம் கிடைக்கும். நாமோ சோறும் பாணும் இடியப்பமும் மெல்லாமலே விழுங்கும் தலைமுறை. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. தகப்பனின் பெரிய பல்லும் தாயின் சிறிய தாடையும் ஒரு பிள்ளைக்கே வந்து சேரலாம்.

இடம் போதாத பல் என்ன செய்யும்? நேராக நின்றும் பாதி மட்டுமே வெளிவரலாம். முன்பல்லை நோக்கிச் சரியலாம். கீழ்த்தாடையில் அடிக்கடி காண்பது இதைத்தான். பின்னோக்கிச் சாயலாம். சில சமயம் எலும்புக்குள்ளேயே படுத்துக்கொள்ளும்.

முழுவதும் எலும்புக்குள் உறங்கும் பல்லைவிடப் பாதி வெளிவந்த பல்தான் தொல்லை. அதன் மேல் முரசு ஒரு மூடியைப் போலக் கிடக்கும். அந்த மூடிக்குக் கீழே சோற்றுப் பருக்கையும் கிருமிகளும் தங்கும். பிரஷ் அங்கே எட்டாது. முரசு வீங்கும், மேல்பல் அந்த வீக்கத்திலேயே கடிக்கும், இன்னும் வீங்கும். வாயில் கெட்ட வாடை வரும். வாயைத் திறக்கக் கஷ்டமாகும். ராத்தாவுக்கு நடந்தது இதுதான். கிருமிகொல்லி மாத்திரை கிருமியை அடக்கும், மூடியை அகற்றாது. காரணம் அப்படியே இருப்பதால்தான் ஐந்தாறு மாதத்தில் அது திரும்பி வருகிறது.

கராம்பைப் பற்றி உம்மும்மா சொன்னதில் தவறில்லை. கேகாலை, மாவனல்லைப் பக்கத்தில் முற்றத்தில் காயப்போடும் அந்தக் கராம்பில் இயூஜினோல் என்ற பொருள் உண்டு. அது இடத்தை மரக்கச் செய்யும். பல் வைத்தியர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் நோவை மறைப்பது வேறு, நோயை மாற்றுவது வேறு. அஸ்பிரின் மாத்திரையை முரசில் வைத்து அடக்குவதோ கூடவே கூடாது. அது முரசைச் சுட்டுப் புண்ணாக்கும். இன்னொன்று: எங்கள் மாவட்டங்களில் டெங்கு அடிக்கடி வரும். காய்ச்சலும் பல் நோவும் ஒன்றாக இருந்தால் பரசிட்டமோலைத் தவிர வேறு நோவு மாத்திரையை, குறிப்பாக ஐபியுபுரோபன், டைக்ளோபினெக் போன்றவற்றை, வைத்தியரைக் கேட்காமல் போடாதீர்கள்.

இனி முக்கியக் கேள்விக்கு வருவோம். ஞானப்பல் இருந்தாலே பிடுங்க வேண்டுமா? இல்லை. நேராக முளைத்து, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்தித்து, பிரஷ் எட்டும் பல்லை ஒருவரும் தொட வேண்டியதில்லை. நோயில்லாத ஞானப்பல்லை முன்கூட்டியே பிடுங்கும் வழக்கத்தை நிறுத்துமாறு பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. நிரப்ப முடியாத சூத்தை, சீழ்க்கட்டு, பல்லைச் சுற்றி நீர்க்கட்டி, பக்கத்துப் பல்லை அரித்தல் போன்றவை இருந்தால் பிடுங்கலாம். முரசு வீக்கம் கடுமையாக இல்லாமல் முதல் தடவை மட்டும் வந்தால் அது போதிய காரணமல்ல. இரண்டாம் தடவையும் வந்தால் பிடுங்குவதைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது அந்த அறிவுரை. ராத்தாவின் கணக்கில் இரண்டாம் தடவை முதல் வருடத்திலேயே வந்துவிட்டது.

இந்த அறிவுரையைக் குறை சொன்னவர்களும் உண்டு. காத்திருந்ததால் முன்பல்லில் சூத்தை விழுந்த நோயாளிகள் கூடுகிறார்கள் என்று பிரித்தானியப் பல் வைத்தியர்கள் சிலர் வாதிட்டார்கள். அமெரிக்காவிலோ இளவயதிலேயே பிடுங்கிவிடுவது பெருவழக்கம். இரண்டு பக்கத்தையும் வாசித்த பிறகு எனக்குச் சரியாகப் படுவது இதுதான்: பிடுங்காமல் காத்திருக்கலாம், பார்க்காமல் காத்திருக்கக் கூடாது. முன்பல்லின் மேல் சாய்ந்து நிற்கும் பல்லை இடையிடையே எக்ஸ்ரே எடுத்துக் கவனிக்க வேண்டும்.

வயதும் இதில் சேர்கிறது. பதினெட்டு, இருபதில் பல்லின் வேர் முழுமையாக வளர்ந்திருக்காது. எலும்பும் அவ்வளவு இறுகியிருக்காது. நாற்பதில் அதே பல்லை எடுப்பது கடினம், ஆறுவதும் தாமதம். கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கும் நாடிக்கும் உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. வேர் அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் பிடுங்கிய பின் உதடு மரத்துப் போகக்கூடும். பெரும்பாலும் அது தானாக மாறிவிடும், அரிதாக நிலைத்துவிடும். அதனால்தான் முழுத் தாடையையும் காட்டும் எக்ஸ்ரேயை முதலில் எடுக்கிறார்கள். அந்தப் படத்தைக் காட்டி விளக்குமாறு வைத்தியரிடம் தைரியமாகக் கேளுங்கள்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. ஞானப்பல் தள்ளுவதால்தான் முன்பற்கள் கோணுகின்றன என்பதையும் ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. அதற்காக மட்டும் பிடுங்க வேண்டாம்.

அரச வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை. சாதாரணமான பல்லைப் பல் கிளினிக்கிலேயே எடுப்பார்கள். எலும்புக்குள் இருப்பதை வாய், முகச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புவார்கள். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்யும் ஊசிதான். பிடுங்கிய குழியில் கட்டும் இரத்தக்கட்டிதான் நமக்கு மருந்து. அது கழன்றால் எலும்பு வெறுமையாகி, இரண்டு மூன்று நாள் கழித்துக் காதுவரை வலிக்கும். ஆகவே முதல் நாள் கொப்புளிக்கவோ, ஸ்ட்ரோவால் உறிஞ்சவோ, துப்பிக்கொண்டே இருக்கவோ கூடாது. மறுநாளிலிருந்து இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கொப்புளிக்கலாம். அவசரமில்லாத பல்லென்றால் நோன்பு மாதத்துக்கு முன்போ பின்போ திகதி கேட்டுக்கொள்வது வசதி.

அவசரமும் உண்டு. வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, மூச்சு விடச் சிரமமானாலோ விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

தோட்டங்களில் உள்ள பெரியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழுந்து பறிக்கும்போதும் பால் வெட்டும்போதும் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் வாயில் அடக்குவது பழக்கம். எங்கள் வீட்டு உம்மும்மாவும் விதிவிலக்கல்ல. அவர்களுக்கு வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால், காரம் பட்டால் எரிந்தால், இரண்டு மூன்று கிழமையாகியும் புண் ஆறாவிட்டால், அதை ஞானப்பல் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. பாக்கு வாயின் உட்தோலை இறுக்கும். அது புற்றுநோயாக மாறவும் கூடும். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான்.

போன மாதம் எனக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலப்பக்கக் கீழ்ப்பல் நேராக நிற்கிறது, இடமும் இருக்கிறது. அதை விட்டுவிடலாம் என்றார் வைத்தியர். இடப்பக்கம் ராத்தாவுடையதைப் போலவே சாய்ந்திருக்கிறது. இந்த வருடத்தில் இரண்டு தடவை வீங்கியும் விட்டது. முன்பல்லில் இன்னும் சூத்தை இல்லை. பரீட்சை முடிந்த மறுகிழமைக்குத் திகதி தந்திருக்கிறார்கள். கண் போய்விடும் என்று உம்மும்மா ஒரு கிழமையாகப் புலம்பினார். பிடுங்கப் போவது கீழ்ப்பல் என்று காட்டிய பிறகுதான் கொஞ்சம் அமைதியானார். ராத்தாதான் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.