ஒற்றை ரைடரை நம்பினால் அணி தேறுமா?

புரோ கபடி சீசன் வந்துவிட்டால் ஓசூரில் மூன்று அணிகளுக்கு ஆள் சேரும். தமிழ் வீட்டில் தமிழ் தலைவாஸ், கன்னட வீட்டில் பெங்களூரு புல்ஸ், தெலுங்கு வீட்டில் தெலுங்கு டைட்டன்ஸ். சிப்காட்டில் ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவர்களே இரவு ஆட்டத்துக்கு மூன்று கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். இந்த மூன்று அணிக்கும் ஆடிய நட்சத்திரம் ஒருவர் உண்டு: பவன் செஹ்ராவத். புல்ஸில் அவர் இருந்தபோது கோப்பை வந்தது. தலைவாஸில் அவர் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்து வெளியேறினார். அந்த அணி வரலாற்றிலேயே முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. டைட்டன்ஸில் தன் முதல் சீசனில் அவர் களத்தில்தான் இருந்தார். அணி கடைசி இடத்தில் முடிந்தது.

ஆட்டக்காரர் ஒருவர்தான், திறமையும் அதேதான். முடிவு மட்டும் ஏன் இப்படி மாறியது? ஒருவரை மட்டுமே மையமாக வைத்து ஆடுவது அணிக்கு லாபமா, நட்டமா?

கூடைப்பந்திலும் இதே வழக்கு

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் இந்த ஆட்ட முறைக்கு 'ஐசோலேஷன்', சுருக்கமாக 'ஐசோ' என்று பெயர். நட்சத்திர வீரரிடம் பந்தைக் கொடுத்துவிட்டு மற்ற நால்வரும் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். தன்னை மறிக்கும் ஒருவரை அவர் தனியாகச் சமாளித்துப் புள்ளி எடுக்க வேண்டும். இதற்குப் பேர்போனவர் ஜேம்ஸ் ஹார்டன். 2018-19 சீசனில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்காக ஆட்டத்துக்குச் சராசரியாக 36.1 புள்ளிகள் குவித்தார். ஆனால் பிளே ஆஃபின் இரண்டாம் சுற்றிலேயே கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸிடம் அந்த அணி தோற்றது.

அதற்கு முந்தைய சீசன் இன்னும் தெளிவான உதாரணம். ஹார்டனுடன் கிறிஸ் பால் என்ற இன்னொரு தேர்ந்த வீரரும் இருந்தார். ராக்கெட்ஸ் 65 ஆட்டங்களில் வென்றது. வாரியர்ஸுக்கு எதிரான மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றில் 3-2 என முன்னிலையும் பெற்றது. அந்த நேரத்தில் கிறிஸ் பாலுக்குத் தொடைத் தசையில் காயம். அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி. ஏழாவது ஆட்டத்தில் அந்த அணி தொடர்ச்சியாக 27 மூன்று புள்ளி வீச்சுகளைத் தவறவிட்டது. நட்சத்திரம் களத்தில்தான் இருந்தார்; இல்லாமல் போனது இரண்டாவது ஆள்.

கபடியில் விலை இன்னும் அதிகம்

கூடைப்பந்தில் ஹார்டன் வீசிய பந்து தவறினால் அடுத்த முறை மறுபடி வீசலாம். கபடியில் அப்படி இல்லை. ரைடு போனவரைப் பிடித்துவிட்டால் எதிரணிக்கு ஒரு புள்ளி கிடைக்கும். பிடிபட்டவர் வெளியே போய் உட்கார வேண்டும். தன் அணி தொட்டோ பிடித்தோ புள்ளி எடுத்தால்தான், வெளியேறிய வரிசைப்படி ஒவ்வொருவராக உள்ளே வர முடியும். போனஸ் புள்ளிக்கு யாரும் உள்ளே வர முடியாது.

இதைத்தான் எதிரணிகள் குறிவைக்கின்றன. ஆட்டத்தின் ஐந்தாவது நிமிடத்தில் நட்சத்திர ரைடர் பிடிபட்டார் என்று வைத்துக்கொள்வோம். எதிரணி இனி அவசரப்படாது. அவர்களுடைய ரைடர் கோட்டைத் தாண்டி வந்து, யார் கையிலும் சிக்காமல் 30 விநாடியை ஓட்டிவிட்டுத் திரும்புவார். பதிலுக்கு இந்தப் பக்கம் இருந்து போகும் இரண்டாம் நிலை ரைடரும், மாட்டிக்கொண்டால் என்னாவது என்ற பயத்தில் வெறுங்கையோடு வருவார். இரு தரப்பும் இப்படி இரண்டு முறை போய் வந்தால் இரண்டு நிமிடம் காலி. மூன்றாவது ரைடு 'டூ ஆர் டை': புள்ளி எடுக்காமல் திரும்பினால் போனவர் அவுட். பழக்கமில்லாத அந்த இரண்டாம் ரைடர் அதில் சிக்கினால் வெளியே இருப்பவர்கள் இருவர் ஆகிவிடுவார்கள். நாற்பது நிமிட ஆட்டத்தில் அணியின் மிகச் சிறந்த ஆள் பல நிமிடங்களுக்கு வேடிக்கை பார்ப்பவராக மாறுவது இப்படித்தான்.

ஏழு பேரும் அவுட்டானால் ஏழு பேரும் ஒன்றாக உள்ளே வரலாம். நட்சத்திரமும் வருவார்தான். ஆனால் அந்த 'ஆல் அவுட்'டுக்கு எதிரணிக்கு 2 புள்ளிகள் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நட்சத்திரத்தை மீட்க வேறு வழியில்லாத அணி கட்டும் அபராதம் அது.

நட்சத்திரம் வென்று தந்ததும் உண்டு

புரோ கபடி ஆறாவது சீசனின் இறுதி ஆட்டம் 2019 ஜனவரி 5 அன்று மும்பையில் நடந்தது. குஜராத்துக்கு எதிராக புல்ஸ் எடுத்த 38 புள்ளிகளில் 22 பவனுடையவை. 38-33 என வென்று புல்ஸ் கோப்பையைத் தூக்கியது. கேப்டன் ரோஹித் குமார் என்ற அனுபவசாலி ரைடரும் அந்த அணியில் இருந்தார் என்பதை மறந்துவிடக்கூடாது. அடுத்த சீசனில் பவன் இன்னும் உச்சத்துக்குப் போனார். ஹரியாணா ஸ்டீலர்ஸுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 39 புள்ளிகள். சீசன் முழுக்க 346 ரைடு புள்ளிகள். ஆனால் அணி அரையிறுதியில் டபங் டெல்லியிடம் தோற்றுப்போனது.

அந்த 2019 சீசனில் கோப்பை வென்ற பெங்கால் வாரியர்ஸ், இறுதி ஆட்டத்தைத் தன் முதன்மை ரைடர் மணிந்தர் சிங் இல்லாமலே ஆடியது. காயத்தால் அவர் வெளியே இருந்தார். ஈரானைச் சேர்ந்த முகமது நபிபக்‌ஷ் முன்னே வந்து அணியைத் தாங்கினார்.

பாட்னாவில் கிடைக்கும் விடை

ஒருவரை மட்டுமே நம்பலாமா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான சாட்சி பாட்னா பைரேட்ஸ் ரைடர் பர்தீப் நர்வால். 2017-இல் ஐந்தாவது சீசனில் அவர் எடுத்த 369 ரைடு புள்ளிகள் அதுவரை யாரும் தொடாத உயரம். ஹரியாணாவுக்கு எதிராக ஒரே ரைடில் ஆறு பேரைத் தொட்டு, ஆல் அவுட்டையும் சேர்த்து எட்டுப் புள்ளி எடுத்ததும் அதே சீசனில்தான். சென்னையில் நடந்த இறுதி ஆட்டத்தில் பாட்னா பைரேட்ஸ் தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கோப்பையை வென்றது. எல்லோர் கண்ணும் பர்தீப் மேல் இருந்தது. அவர் வெளியே இருந்த நேரங்களில் மோனு கோயத் என்ற இன்னொரு ரைடர் புள்ளி சேர்த்து அவரை உள்ளே கொண்டுவந்துகொண்டே இருந்தார்.

அடுத்த ஏலத்தில் மோனுவை ஹரியாணா ஸ்டீலர்ஸ் 1.51 கோடி ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. பர்தீப் பாட்னாவிலேயே இருந்தார், தொடர்ந்து புள்ளிகளும் குவித்தார். ஏழாவது சீசனில் தனியாளாக 302 ரைடு புள்ளிகள் எடுத்தார். ஆனால் ஆறாவது, ஏழாவது சீசன் இரண்டிலும் பாட்னாவால் பிளே ஆஃபுக்குள் நுழைய முடியவில்லை.

எட்டாவது சீசனுக்கு முன் பாட்னா துணிந்து ஒரு முடிவு எடுத்தது. பர்தீப்பை விட்டுவிட்டது. அவரை 1.65 கோடி ரூபாய்க்கு யூபி யோதா வாங்கியது. பாட்னா தன் ரைடு வேலையை சச்சின், பிரசாந்த் ராய், குமான் சிங், திரும்பி வந்த மோனு கோயத் என்று பலருக்குப் பிரித்துக் கொடுத்தது. பின்களத்தில் ஈரானின் முகமதுரேசா ஷாட்லூ எதிரணி ரைடர்களை மடக்கினார். லீக் சுற்றில் முதலிடம் பிடித்த பாட்னா, அரையிறுதியில் பர்தீப் ஆடிய யூபி அணியையே வென்றது. இறுதி ஆட்டத்தில் டெல்லியிடம் 36-37 என ஒரே ஒரு புள்ளியில்தான் கோப்பை கைநழுவியது.

தலைவாஸ் கண்ட திருப்பம்

2022 ஏலத்தில் பவனுக்குத் தமிழ் தலைவாஸ் கொடுத்த விலை 2.26 கோடி ரூபாய். அன்றைக்கு அதுவே புரோ கபடியின் அதிகபட்ச விலை. ஓசூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கில் முதல் ஆட்டம். குஜராத்துடன் 31-31 எனச் சமனில் முடிந்த அந்த ஆட்டத்திலேயே பவனின் முழங்காலில் அடிபட்டது. சீசன் முழுவதும் அவர் திரும்பவில்லை. அணியின் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

நடந்தது வேறு. முதல் சீசன் ஆடிய நரேந்தர் 243 ரைடு புள்ளிகள் குவித்தார். அஜிங்க்யா பவார் இரண்டாவது ரைடராகத் தோள் கொடுத்தார். சாகர், சாஹில் குலியா, எம். அபிஷேக், மோஹித், ஹிமான்ஷு என்று பிடி ஆட்டக்காரர்கள் ஒரு கூட்டமாக வளர்ந்தார்கள். நரேந்தர் அவுட்டானால் அவரை உள்ளே கொண்டுவரும் வேலையைப் பின்களம் எடுத்துக்கொண்டது. யூபி யோதாஸை டை பிரேக்கரில் வென்று அரையிறுதிக்குப் போன தலைவாஸ், அங்கே புனேரி பல்தானிடம் 37-39 எனத் தோற்றது.

அடுத்த ஆண்டு பவனை 2.60 கோடிக்கும் மேல் கொடுத்து டைட்டன்ஸ் வாங்கியது. அவர் 200 ரைடு புள்ளிகளைத் தாண்டினார். அணி 22 ஆட்டங்களில் இரண்டில்தான் வென்றது. அந்த சீசனில் கோப்பை வென்ற புனேரி பல்தானில் அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத், பங்கஜ் மொஹிதே என்று ரைடு வேலை மூவருக்குப் பிரிந்திருந்தது. பிடிக்கு ஷாட்லூ இருந்தார்.

அப்படியானால் நட்சத்திரம் வேண்டாமா?

வேண்டும். இறுதி நிமிடத்தில் இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கும்போது, ஐந்து பேர் நிற்கும் களத்துக்குள் தைரியமாகப் போய்த் தொட்டுவர அப்படி ஒருவர் இல்லாமல் முடியாது. தவறு தனியாளின் ஆட்டத்தில் இல்லை. அவரைச் சுற்றி அணியைக் கட்டாமல் அவரையே அணி என்று நினைப்பதில்தான் இருக்கிறது. சிப்காட் ஆலையில் ஒரே இயந்திரத்தை நம்பி முழு உற்பத்தி வரிசையையும் யாரும் ஓட்டமாட்டார்கள். மாற்று ஏற்பாடு கைவசம் இருக்கும். கபடி அணிக்கும் அதுவே பொருந்தும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பொங்கலையொட்டி மின்னொளி கபடிக்கு அணி சேர்ப்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைப்பது நல்லது. வெளியூரிலிருந்து ஒரு பெரிய ரைடரைப் பணம் கொடுத்துக் கூட்டிவருவதற்கு முன்னால், உள்ளூரில் காலைப் பிடிக்கத் தெரிந்த ஒரு கார்னர் பிடி ஆட்டக்காரரும், டூ ஆர் டை ரைடுக்குப் பயப்படாத ஓர் இரண்டாவது ரைடரும் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ரசிகர்களே, அடுத்த ஆட்டத்தைப் பார்க்கும்போது, நட்சத்திரம் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதோடு, அவர் வெளியே உட்கார்ந்திருந்தபோது அணி எத்தனை புள்ளி எடுத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பை யாருக்கு என்பதைப் பெரும்பாலும் அந்த இரண்டாவது எண்தான் சொல்லும்.