மலாயாவின் முதல் தபால் தலை எது?

உங்கள் வீட்டில் தபால் தலை சேர்க்கும் பிள்ளைகள் உண்டா? இருந்தால் அருகில் அழைத்து, “நம் நாட்டில் முதன்முதலாக ஒட்டப்பட்ட தபால் தலை எது?” என்று கேட்டுப் பாருங்கள். பாயும் புலிப் படம் போட்டது என்று ஒரு பிள்ளை சொல்லும். கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளை 1867-இல் வந்தது என்று சொல்லும். இரண்டும் சரியல்ல. இந்த மண்ணில் முதலில் கடிதத்தில் ஏறியது இந்தியத் தபால் தலைதான்!

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களை அந்நாளில் கல்கத்தாவில் இருந்த இந்திய அரசாங்கமே ஆண்டது. 1854-இல் விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த அரை அணா, ஓர் அணாத் தலைகள் இந்தியாவில் வெளிவந்தன. அவையே கப்பலேறி இங்கும் வந்தன. அவற்றுக்கு ஓரத்தில் பல் கிடையாது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் ஒட்ட வேண்டும்.

சென்னையில் விற்றதும் பினாங்கில் விற்றதும் ஒரே தலை என்றால், எது நம்முடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தலையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அதன் மேல் விழுந்த முத்திரையைப் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளில் ஒவ்வொரு தபால் நிலையத்துக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். ‘பி’ என்ற ஆங்கில எழுத்து வங்காள வட்டாரத்தைக் குறிக்கும். அதன் கீழே 172 இருந்தால் சிங்கப்பூர், 147 இருந்தால் பினாங்கு, 109 இருந்தால் மலாக்கா. சாதாரண இந்தியத் தலை ஒன்றை மலாயாவின் சொத்தாக ஆக்குவது இந்தக் கறுப்பு மை எண்தான். முத்திரை விழுந்தால் தலை அழுக்காகிவிட்டது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அணாக் கணக்கு இங்குள்ள வணிகர்களுக்குத் தலைவலியாக இருந்தது. கடைத்தெருவில் புழங்கியது வெள்ளியும் காசும். தபால் நிலையத்தில் கேட்டது அணா. ரூபாயைப் புகுத்த முயன்ற கல்கத்தாவின் மேல் அவர்களுக்கு ஏற்கெனவே மனக்கசப்பு. 1867 ஏப்ரல் 1-ஆம் நாள் இக்குடியேற்றங்கள் இந்தியாவிடமிருந்து பிரிந்து, நேரே லண்டனின் ஆட்சிக்குப் போயின. புதுத் தலை அச்சாகி வரும்வரை என்ன செய்வது? இந்தியத் தலைகளின் மேலேயே ஒரு கிரீடத்தையும் காசு மதிப்பையும் அச்சடித்து, செப்டம்பர் 1-இல் வெளியிட்டார்கள். மொத்தம் ஒன்பது வகை; ஒன்றரைக் காசில் தொடங்கி 32 காசு வரை. வேடிக்கை என்னவென்றால், ஒரே பழுப்பு நிற ஓர் அணாத் தலை சிவப்பு மையில் இரண்டு காசு, நீல மையில் மூன்று காசு, கறுப்பு மையில் நான்கு காசு ஆகிவிட்டது! மஞ்சள் நிற இரண்டணாத் தலைக்கு 6, 8, 32 என மூன்று அவதாரம். தாளின் உள்ளே இந்தியாவின் நீர்க்குறியான யானைத் தலை அப்படியே இருக்கும். அதே ஆண்டு டிசம்பரில் நீரிணைக் குடியேற்றங்களின் பெயர் பொறித்த சொந்தத் தலைகள் வரத் தொடங்கின.

மலாய் மாநிலங்களும் இதே வழியில்தான் தொடங்கின. நீரிணைத் தலையின் மேல் பிறையும் நட்சத்திரமும் அச்சடித்து 1876-இல் ஜொகூர், 1878-இல் பேராக்கும் சுங்கை ஊஜோங்கும். நம் பிள்ளைகள் சொல்லும் புலி பாய்ந்து வந்தது 1891-இல்தான்.

இந்தப் பழந்தலைகளை விலை கொடுத்து வாங்க நம்மில் பலரால் முடியாது. அச்சடித்த கிரீடத்தில் போலிகளும் உண்டு. நன்கு தெரிந்தவரிடம் காட்டாமல் பணத்தை நீட்டாதீர்கள். ஆனால் பணமே இல்லாமல் சேர்க்கக் கூடியது ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடக்கும் கடித உறைகளைத்தான் சொல்கிறேன்.

பிள்ளைகள் செய்யும் முதல் வேலை என்ன? உறையின் மூலையைக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தலையை மட்டும் எடுப்பது. அங்கேதான் வரலாறு தண்ணீரோடு போகிறது! உறை முழுதாக இருந்தால், எந்த ஊரில் எந்தத் தேதியில் போட்டது, எத்தனை நாளில் வந்து சேர்ந்தது, எந்தத் தோட்டத்துக் கிராணியின் பார்வைக்கு வந்தது என்பதெல்லாம் தெரியும். போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல் கிள்ளான் துறைமுகமானது. தெலுக் அன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆனது. பழைய பெயர்கள் அந்த முத்திரைகளில் இன்னும் இருக்கின்றன. மலாயாத் தலையில் ‘2602’ என்று கண்டால் மிரள வேண்டாம். அது ஜப்பானியர் காலம். அவர்கள் ஆண்டுக் கணக்கில் 2602 என்றால் நமக்கு 1942. ஊருக்கும் நமக்கும் கடிதமே அறுந்து கிடந்த நாட்கள் அவை.

வீடு மாறும்போதும், பெரியவர்கள் காலமான பிறகு பெட்டியை ஒழிக்கும்போதும், இந்த உறைகள்தாம் முதலில் நெருப்புக்குப் போகின்றன. எரிக்குமுன் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். உறையில் பசை நாடா ஒட்டாதீர்கள். அது மஞ்சளித்துத் தாளை அரித்துவிடும். நம் நாட்டு ஈரக் காற்றில் தாளில் பழுப்புப் புள்ளி விழும். ஆகவே காற்றாடும் உலர்ந்த இடத்தில், வெயில் படாமல் வையுங்கள். எழுதியவர் யார், பெற்றவர் யார் என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுத் தனித்தாளில் பென்சிலால் குறித்து, உறையோடு சேர்த்து வையுங்கள்.