பலகைச் சுவரில் பிளக் பெட்டி

வளர்ந்துவரும் பிள்ளைகளுக்குப் படிப்பறை வேண்டுமென்றால், நகரத்துச் சிறு வீடுகளில் வாழும் நம்மவர் இடத்துக்கு எங்கே போவது? கூடத்தின் குறுக்கே ஜிப்சம் பலகையால் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பிவிடுகிறோம். செங்கல், மணல், தண்ணீர் என்ற தொல்லை இல்லை. தட்டினால் மட்டும் பறைபோல் ஒலிக்கும். உள்ளே வெற்றிடம் என்பதற்கு அதுவே அடையாளம். அதை மறந்து அச்சுவரில் மின்சாரப் பெட்டி வைப்பதனால்தான் தீங்கு நேர்கிறது.

எங்கள் இல்லத்திலும் நேர்ந்தது. சுவர் எழுந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். இஸ்திரிப் பெட்டியின் பிளக்கை என் மனைவி இழுக்க, அதனுடன் சுவரிலிருந்த பெட்டியும் பெயர்ந்து வந்துவிட்டது. கம்பிகள் வெளியே தொங்கின. அருகே இளைய மகள் நின்றுகொண்டிருந்தாள். மெயினை அணைத்த பின்னரே எனக்கு மூச்சு வந்தது. ஆராய்ந்து பார்த்ததில், செங்கற்சுவருக்குரிய தகரப் பெட்டியைத் துளையில் செருகிச் சுற்றிலும் பட்டி பூசி மறைத்திருந்தது தெரிந்தது.

செங்கற்சுவரில் சிமெண்டுக் கலவை பெட்டியைக் கவ்விக்கொள்ளும். ஜிப்சம் பலகையோ பெரும்பாலும் 12.5 மில்லிமீட்டர் கனமே உடையது. இரு தாள்களுக்கு நடுவே இறுகிய மாவு எனலாம். அங்கே பட்டி எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?

சுவர் இன்னும் எழவில்லையெனில் வழி எளிது. இரண்டாம் பக்கத்துப் பலகையை அடைக்கும் முன்னரே, உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்தில், அல்லது இரு சட்டங்களுக்கிடையே குறுக்காகப் பொருத்திய மரக்கட்டையில், பெட்டியைத் திருகாணியால் முடுக்கிவிட வேண்டும். பெட்டியின் விளிம்பு பலகையின் மேற்பரப்போடு சமமாக நிற்பது அவசியம்.

சுவர் எழுந்துவிட்டதா? அப்பொழுது பலகைச் சுவருக்கென்றே செய்த பெட்டியைக் கேட்டு வாங்குக. அதன் முன்புறம் விளிம்பு உண்டு. பக்கங்களில் இரு சிறு இறக்கைகள் உண்டு. திருகாணியை முடுக்கினால் இறக்கைகள் பலகையின் பின்புறத்தை அழுத்த, பலகை இரண்டிற்கும் நடுவே சிக்கிக்கொள்கிறது. துளை பெரிதாகிவிட்டால் இதுவும் பயன்படாது. ஆகவே பெட்டியின் பின்பகுதியை வைத்து வரைந்து, கோட்டை மீறாமல் சிறு ரம்பத்தால் அறுக்கவேண்டும். அறுக்குமுன் காந்தம் ஒன்றைச் சுவரில் நகர்த்திப் பார்த்தால் சட்டம் இருக்குமிடம் புலப்படும். கம்பி ஓடும் இடம் அவ்வாறு புலப்படாது. அதைத் தெரிந்துகொண்டே ரம்பத்தை எடுக்கவேண்டும்.

தகரப் பெட்டியானால் அதற்கும் எர்த் கம்பி இணைத்தாக வேண்டும்; கம்பி நுழையும் துளையில் ரப்பர் வளையம் இல்லாவிடில் கூரிய விளிம்பு மேலுறையை அறுத்துவிடும். சுவரின் இருபுறமும் பெட்டி வைப்போர் நேருக்கு நேர் வைக்கலாகாது. ஒரு பக்கத்துப் பேச்சு மறுபக்கம் கேட்கும், பிள்ளை படித்தாற்போலத்தான்!

இவ்வளவும் அறிந்திருப்பது, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வேலை வாங்குவதற்கே. நாமே கம்பியைத் தொடுவதற்கன்று. இஸ்திரிப் பெட்டிக்குரிய 16 ஆம்பியர் பிளக்கை நாங்கள் பழைய செங்கற்சுவருக்கே மாற்றிவிட்டோம். பலகைச் சுவரில் இப்பொழுது மேசைவிளக்குக்கான 6 ஆம்பியர் பிளக் ஒன்றே உள்ளது. அதுவும் சட்டத்தில் முடுக்கியது.